இருபத்திரண்டு எழுத்துக் கடிவாளம்

சென்ற இதழில் மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன்: மூளையின் அழற்சியை ஏற்றவும் இறக்கவும் செய்கிற சிறு துணுக்குகள் என்று. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த நான்கு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் அப்போதே ஒழுங்காக எழுதியிருப்பேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் அல்ல. இருபத்தாறு ஆண்டுகள் ஆய்வகத்தில் சுண்டெலிக் குட்டிகளின் மூளைச் செல்களை வளர்த்து, அவற்றைச் சீண்டி, என்ன செய்கின்றன என்று பார்த்தவள்.

கேள்வி: 'மூளை அழற்சி' என்று எழுதினீர்கள். மூளைக்காய்ச்சலைத்தானே சொல்கிறீர்கள்? மூளை வீங்கினால் ஆள் பிழைப்பதே அரிது என்பார்கள். அதை இவ்வளவு சாதாரணமாக எழுதலாமா?
– ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்

பதில்: தமிழாசிரியருக்கே சொல் விளக்கம் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், ஐயா. அழல் என்றால் தீ. அழற்சி என்ற சொல்லுக்குள் அந்தச் சூடு இருக்கிறது. வீக்கம் அதன் அடையாளங்களில் ஒன்று மட்டுமே. முள் தைத்த விரலைப் பாருங்கள்: சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. ரோமானிய எழுத்தாளர் கெல்சஸ் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே குறித்து வைத்த நான்கு அடையாளங்கள் இவை. மூளைக்குள் நடக்கும்போது இவற்றில் எதுவும் நம் கண்ணுக்குத் தெரியாது. வலிகூடத் தெரியாது, மூளைத் திசுவில் வலியை உணரும் நரம்பு முனைகள் கிடையாது.

நீங்கள் சொல்லும் மூளைக்காய்ச்சல் ஊரைக் கூட்டும் தீ. கிருமி நுழைகிறது, காய்ச்சல் ஏறுகிறது, வலிப்பு வருகிறது, மருத்துவமனைக்கு ஓடுகிறோம். நான் எழுதியது நீறு பூத்த நெருப்பைப் பற்றி. அல்சைமர் மறதி நோய், பார்க்கின்சன் நோய், நரம்பின் மேலுறை அழியும் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ், சிலவகை வலிப்பு நோய்கள் ஆகியவற்றில் ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருப்பது அது.

அந்த நெருப்பைப் பார்த்துக்கொள்ள மூளைக்கென்று தனியாக ஒரு காவல் படை உண்டு: மைக்ரோகிளியா. ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஒர்த்தேகா 1919-இல் வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்து இவற்றைத் தனி இனமாக அடையாளம் காட்டினார். கருவின் தொடக்க நாட்களிலேயே மூளைக்குள் குடியேறி, அங்கேயே பெருகி, அங்கேயே வாழ்பவை. 'ஓய்வில் இருக்கும் மைக்ரோகிளியா' என்று நாங்கள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தோம். 2005-இல் உயிருள்ள எலியின் மூளையை நுண்ணோக்கியில் படம் எடுத்துப் பார்த்தபோதுதான் வெட்கப்பட்டோம். உடல் அசையாமல் இருக்க, கைகள் மட்டும் நாலா பக்கமும் நீண்டும் சுருங்கியும் அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தன.

கேள்வி: மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுவை 'அமைதியாக்குகிறது' என்று எங்கள் பாடப் புத்தகம் சொல்கிறது. அப்படியென்றால் அது ஒரு சுவிட்சா?
– இளநிலை உயிரியல் மாணவி

பதில்: சுவிட்ச் இல்லை. அந்தச் சொல்லைத் தேர்வு எழுதும்வரை வைத்துக்கொண்டு பிறகு தூக்கிப் போடுங்கள்.

கதை ஒரு புழுவில் தொடங்குகிறது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிகிற உருளைப்புழு. அதன் வளர்ச்சி தடம் புரளும் ஒரு வகையை ஆராய்ந்துகொண்டிருந்த விக்டர் ஆம்ப்ரோஸ், காரணமான லின்-4 மரபணு எந்தப் புரதத்தையும் உண்டாக்கவில்லை என்று கண்டார். அதிலிருந்து வந்தது 22 எழுத்து நீளமுள்ள (இழையில் கோத்த வேதி அலகு ஒவ்வொன்றும் ஓர் எழுத்து) ஓர் ஆர்.என்.ஏ. துணுக்கு மட்டுமே. அதே வேளையில் கேரி ரவ்கன் லின்-14 என்ற இன்னொரு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வை, அதாவது புரதம் செய்யச் சொல்லி மரபணு அனுப்பும் செய்தியை, படித்துக்கொண்டிருந்தார். இருவர் கையிலிருந்த எழுத்து வரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தத் துணுக்கு இந்தத் தூதின் வால் பகுதியில் பல இடங்களில் பொருந்தி ஒட்டியது. 1993-இல் இரண்டு கட்டுரைகளும் ஒரே இதழில் வந்தன. உலகம் கொட்டாவி விட்டது. புழுவின் விசித்திரம் என்று ஏழு ஆண்டுகள் ஒதுக்கி வைத்தார்கள். 2000-இல் ரவ்கனின் குழு லெட்-7 என்ற இரண்டாவது துணுக்கைக் கண்டுபிடித்தது. அது மனிதனிடமும் அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆம்ப்ரோசுக்கும் ரவ்கனுக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது.

செய்முறை சுருக்கமாக: செல்லின் உட்கருவில் நீளமான ஓர் ஆர்.என்.ஏ. இழை கொண்டையூசி போல மடிகிறது. ட்ரோஷா என்ற நொதி அதை ஒருமுறை வெட்டுகிறது. வெளியே வந்ததும் டைசர் என்ற நொதி மறுமுறை வெட்டுகிறது. மிஞ்சும் இரட்டை இழைத் துண்டில் ஓர் இழையை ஆர்கோநாட் என்ற புரதம் தன் பிடியில் வைத்துக்கொள்கிறது. அந்த இழையின் 2-ஆம் எழுத்திலிருந்து 8-ஆம் எழுத்துவரை உள்ள ஏழுதான் முக்கியம். 'விதை' என்று அதற்குப் பெயர். எந்தத் தூது ஆர்.என்.ஏ.வின் வாலில் அந்த ஏழு எழுத்துக்குப் பொருந்தும் இடம் இருக்கிறதோ, அதன்மேல் போய் உட்கார்ந்துவிடும். அந்தத் தூது விரைவில் சிதையும், அல்லது அதிலிருந்து புரதம் உருவாவது குறையும்.

எவ்வளவு குறையும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2008-இல் ஆயிரக்கணக்கான புரதங்களை ஒருசேர அளந்து பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் குறைவு மிகச் சிறியதாகவே இருந்தது. முழுக்க நின்றுபோனவை அரிது. மதகுக் கதவை ஒரு சாண் இறக்கினால் தண்ணீர் நிற்காது, வேகம் மட்டும் மட்டுப்படும். ஆனால் ஏழே எழுத்து என்பதால் ஒரே துணுக்கு நூற்றுக்கணக்கான தூதுகளுக்குப் பொருந்தும். நூறு மதகுகள் ஒரே நேரத்தில் ஒரு சாண் இறங்கினால் வயல்வெளியே வேறு மாதிரி ஆகிவிடும் அல்லவா? அந்த அர்த்தத்தில்தான் இவை சக்தி வாய்ந்தவை.

கேள்வி: மூளை அழற்சியில் எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. நல்லது, எது கெட்டது? அட்டவணையாகப் போட்டுத் தந்தால் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வேன்.
– நெடுநாள் வாசகர்

பதில்: அட்டவணை தர மாட்டேன். இந்தத் துறையில் நான் பார்த்த கட்டுரைகளில் பாதி அட்டவணைதான்: மேல்நோக்கிய அம்பு, கீழ்நோக்கிய அம்பு. நோயாளியிடம் கூடியிருந்தால் கெட்டது, குறைந்திருந்தால் நல்லது என்று வாசகர் முடிவு கட்டிவிடுகிறார். பதிலாக மூன்று துணுக்குகளின் கதையைச் சொல்கிறேன். வெட்டி ஒட்டுவது உங்கள் பாடு.

குடுவையில் மைக்ரோகிளியா வளர்ப்பது பொறுமையின் வேலை. பிறந்து ஓரிரு நாளான சுண்டெலிக் குட்டியின் மூளையைக் கரைத்துக் குடுவையில் இட்டு, 37 டிகிரி வெப்பத்தில் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அடியில் ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்கள் பாய் விரித்தாற்போல் படரும். அந்தப் பாயின்மேல் மைக்ரோகிளியா உருண்டை உருண்டையாக மின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். குடுவையை உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும். அவற்றின்மேல் பாக்டீரியாவின் தோல் கொழுப்பைக் கொஞ்சம் தூவினால் போதும், கிருமி வந்துவிட்டது என்று நம்பிக் கிளம்பிவிடும். டோல் ஏற்பி என்ற கதவு தட்டப்படும். ஐராக்-1, ட்ராஃப்-6 என்ற இரு புரதங்கள் செய்தியைக் கைமாற்றும். கடைசியில் என்.எஃப். கப்பா-பி என்ற தளபதி உட்கருவுக்குள் நுழைந்து அழற்சி மரபணுக்களை எழுப்பும்.

இந்தத் தளபதியை 1986-இல் கண்டுபிடித்தவர்கள் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும். இருபது ஆண்டு கழித்துப் பால்டிமோரின் ஆய்வகமே, தளபதி வேறு என்னவெல்லாம் எழுப்புகிறார் என்று தேடியது. 2006-இல் கிடைத்தது மிர்-146ஏ ('மிர்' என்பது மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் சுருக்கம்). 2007-இல் அதே ஆய்வகம் மிர்-155-உம் இந்த அழைப்புக்கு எழுவதைக் காட்டியது. இரண்டையும் எழுப்புவது ஒரே அழைப்பு. போகும் திசைதான் எதிரெதிர்.

155 என்ன செய்கிறது? அழற்சியை அடக்கும் சாக்ஸ்-1 என்ற புரதத்தின் தூதைக் குறைக்கிறது. ஷிப்-1 என்ற இன்னொரு தடையையும் தளர்த்துகிறது. தடை தளர்ந்தால் தீ ஏறும். 146 என்ன செய்கிறது? செய்தியைக் கைமாற்றிய அதே ஐராக்-1, ட்ராஃப்-6 ஆகியவற்றின் தூதுகளைக் குறைக்கிறது. வாசலில் யார் தட்டினாலும் உள்ளே செய்தி மெதுவாகவே போகும், தீ தணியும். தளபதி படையைக் கிளப்பும்போதே, படையைத் திரும்ப அழைக்கும் ஆளுக்கும் சொல்லி அனுப்பிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தூங்கித் தெரிந்துகொண்டேன். முதல் சோதனையில் 24-ஆவது மணி நேரத்தில் மட்டும் மாதிரி எடுத்தேன். நடு இரவில் எழுந்து ஆய்வகத்துக்குப் போகச் சோம்பல். முடிவைப் பார்த்தால் இரண்டுமே ஏறியிருந்தன. மேல்நோக்கி இரண்டு அம்புகள். 'இரண்டும் அழற்சியைத் தூண்டுபவை' என்று நோட்டுப் புத்தகத்தில் தன்னம்பிக்கையோடு எழுதிவைத்தேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பிறகு இரண்டு மணி, ஆறு மணி, பன்னிரண்டு மணி என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு மாதிரி எடுத்தபோதுதான் படம் தெளிந்தது. சிவப்புப் பென்சிலால் போட்ட 155 வேகமாகத் தாவியது. நீலத்தில் போட்ட 146 நிதானமாக ஏறி, நெடுநேரம் உயரத்திலேயே நின்றது. ஆரோக்கியமான செல்லில் இந்த இரு கோடுகளுக்கும் இடையேயுள்ள இடைவெளிதான், கிருமியைக் கொல்லக் கிடைக்கும் அவகாசம்.

சரி, 155-ஐ ஒழித்துவிடலாமா? 155 இல்லாத எலிகளில், மல்டிபிள் ஸ்கிளெரோசிசை ஒத்த நோயைச் செயற்கையாக வரவழைக்க முயன்றால், நோய் லேசாகவே வருகிறது. 2010-இல் வெளியான முடிவு இது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அதே வகை எலிகளின் நோய் எதிர்ப்பு பலவீனமானது. தடுப்பூசி போட்டாலும் சரியாகக் கைகொடுக்காது. 146 இல்லாத எலிகளோ வயதாக ஆக மண்ணீரல் வீங்கி, தன் உடலையே தாக்கும் நோய்க்கு ஆளாகி, சிலவற்றில் கட்டியும் வளர்ந்து மடிகின்றன. 'கெட்டதை' எடுத்தாலும் தொல்லை, 'நல்லதை' எடுத்தாலும் தொல்லை.

இன்னும் ஒரு சிக்கல். அல்சைமர் நோயாளிகளின் மூளைத் திசுவிலும், வலிப்பு நோய்க்காக அறுவை செய்து எடுத்த திசுவிலும் 146 கூடியே இருக்கிறது. தணிக்கும் ஆள் கூடியிருந்தும் தீ ஏன் தணியவில்லை? தீ பெரிதானதால் ஆள் கூடினாரா, அல்லது அவரே ஏதாவது கெடுத்தாரா? 2008-இல் வந்த ஓர் ஆய்வு இரண்டாவதற்கு ஒரு சான்று தந்தது. 146 குறைக்கும் தூதுகளில் காம்ப்ளிமென்ட் ஃபேக்டர் எச் என்ற புரதத்தின் தூதும் ஒன்று. அந்தப் புரதமும் அழற்சியை அடக்குவதுதான். அதாவது ஒரு கடிவாளம் இன்னொரு கடிவாளத்தை அறுத்துவிடுகிறது. மறுபக்கம், வலிப்பு வரும் எலிகளின் மூளைக்குள் 146-இன் நகலைச் செலுத்தியபோது வலிப்பு குறைந்தது என்று 2017-இல் எழுதினார்கள். இரண்டு முடிவும் உண்மையாக இருக்கலாம். எந்தச் செல், எந்த நேரம் என்பது வேறு வேறு.

மூன்றாவது துணுக்கு மிர்-124. எனக்குப் பிடித்தது இது. நரம்பு செல்களில் மலிந்து கிடப்பது. கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா செல்களுக்குள் 124-ஐச் செலுத்தினால், அவற்றின் தூதுத் தொகுப்பு மூளையுடையதைப்போலச் சாய்கிறது என்று 2005-இல் காட்டினார்கள். அவ்வளவு மூளைத்தனமான துணுக்கு! மைக்ரோகிளியாவில் அது என்ன செய்கிறது என்று 2011-இல் போனமரேவ் குழு சொன்னது. அமைதியான மைக்ரோகிளியாவில் 124 இருக்கிறது. மூளைக்கு வெளியே இரத்தத்தில் திரியும் ஒத்த இனச் செல்களில் இல்லை. அழற்சி தொடங்கியதும் மைக்ரோகிளியாவிலும் குறைந்துவிடுகிறது. சி.இ.பி.பி. ஆல்ஃபா, பி.யு.1 என்ற இரு புரதங்களின் வழியை அடைத்து அது அமைதியைக் காக்கிறது. நோயுள்ள எலிகளுக்கு வெளியிலிருந்து 124-ஐக் கொடுத்தபோது நோய் தணிந்தது. 155-உம் 146-உம் சண்டை மூண்ட பிறகு வருபவர்கள் என்றால், 124 சண்டை இல்லாத நாட்களில் வீட்டை வீடாக வைத்திருக்கும் ஆள்.

கேள்வி: உணவு மூலம் மைக்ரோ ஆர்.என்.ஏ. பெற முடியுமா?
– பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

பதில்: தாவர மைக்ரோ ஆர்.என்.ஏ. குடலைத் தாண்டி இரத்தத்தில் கலந்து நம் மரபணுவின் செயல்பாட்டையும் மாற்றுகிறது என்று 2012-இல் ஒரு கட்டுரை பெரும் பரபரப்பைக் கிளப்பியது. பிற ஆய்வகங்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அது நிற்கவில்லை. அந்தப் பெயரில் மாத்திரையோ பொடியோ யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: என் தங்கைக்கு மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ். ஒரு தனியார் பரிசோதனைக் கூடம் இரத்தத்தில் பதினாறு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை அளந்து 'மூளை அழற்சி மதிப்பெண்' தருவதாகச் சொல்கிறது. நிறையப் பணம் கேட்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகி

பதில்: அம்மா, உங்கள் தங்கையை நன்றாக அறிந்த நரம்பியல் மருத்துவர் கேட்டிருந்தால் ஒழிய வேண்டாம். ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்பதற்கு என் மூக்குடைந்த கதையையே சொல்கிறேன்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. இரத்தத்தில் கெடாமல் இருக்கும் என்பது 2008-இல் தெரிந்தது. பொதுவாக ஆர்.என்.ஏ.வைப் போலச் சீக்கிரம் அழிகிற பொருள் வேறில்லை. கையுறையில்லாத விரல் பட்டால் போயிற்று. ஆனால் இவை ஆர்கோநாட் புரதத்தின் பிடிக்குள்ளோ, செல்கள் உதிர்க்கும் நுண்பைகளுக்குள்ளோ பத்திரமாக மிதக்கின்றன. அப்படியானால் ஊசி முனையில் மூளையைப் படித்துவிடலாமே என்று நாங்கள் எல்லோரும் துள்ளினோம். என் குழுவும் நாற்பது நோயாளிகள், நாற்பது ஆரோக்கியமானவர்கள் என்று மாதிரி சேகரித்தது. இரண்டு துணுக்குகள் நோயாளிகளிடம் அடுக்கடுக்காகக் கூடியிருந்தன. மிர்-451, மிர்-16. கட்டுரையின் முதல் வரியைக்கூட எழுதிவிட்டேன்.

உறைபெட்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த இளைய ஆய்வாளர் ஒருவர் குழாய்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நோயாளிகளின் பிளாஸ்மா ஏன் இளஞ்சிவப்பாக இருக்கிறது?" என்று கேட்டார். அணுக்களைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் இரத்த நீர்தான் பிளாஸ்மா. வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டியது. ஆரோக்கியமானவர்களின் இரத்தத்தை எங்கள் ஆய்வகத்திலேயே எடுத்து உடனே பிரித்தோம். நோயாளிகளின் இரத்தம் வேறிடத்தில் எடுக்கப்பட்டு, குலுங்கி வந்து, மணிக்கணக்கில் காத்திருந்தது. சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன. 451-உம் 16-உம் சிவப்பணுவுக்குள் கொட்டிக் கிடப்பவை. நாங்கள் அளந்தது மூளையின் அழற்சியை அல்ல, வண்டியின் குலுக்கலை. இரண்டு ஆண்டு வேலை. அன்று மாலை யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போனேன்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த விபத்து அன்று. இத்துறையில் பலர் விழுந்த குழி. உடைந்த சிவப்பணுவைக் கண்டுபிடிக்க மிர்-451, மிர்-23ஏ இரண்டின் விகிதத்தைப் பார்ப்பது, 414 நானோமீட்டர் ஒளியில் அளப்பது என்று வழிகள் பின்னர் வந்தன. உங்களிடம் பணம் கேட்பவர்களிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: மாதிரியில் சிவப்பணு உடைந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

இந்த நோயில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்குப் பங்கே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இறந்த நோயாளிகளின் மூளையில் நேரடியாகப் பார்த்த ஆய்வு ஒன்று 2009-இல் வந்தது. அழற்சி மும்முரமாக இருந்த புண்களில் 155, 34ஏ, 326 மூன்றும் கூடியிருந்தன. மூன்றும் சி.டி.47 என்ற புரதத்தைக் குறைக்கக்கூடியவை. அந்தப் புரதம் செல்லின் மேற்பரப்பில் இருந்துகொண்டு 'என்னை விழுங்காதே' என்று சொல்லும் அடையாளம். அடையாளம் மங்கினால் விழுங்கும் செல்கள் நரம்பின் மேலுறையைத் தின்ன எதிர்ப்பில்லை. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அது மூளைத் திசுவில் கண்டது. கையிலிருந்து எடுத்த இரத்தம் அதைச் சொல்லும் என்பது வேறு வாக்கியம். உங்கள் தங்கைக்கு எம்.ஆர்.ஐ. படமும், தேவைப்பட்டால் தண்டுவட நீர்ப் பரிசோதனையும், தவறாமல் மருந்தும்தான் இன்றைய வழி. அந்தப் பணம் அதற்கு ஆகட்டும்.

கேள்வி: என் தாயாருக்கு மறதி நோய் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. 124 குறைந்தால் கொடுக்கலாம், 155 கூடினால் அடைக்கலாம் என்றால், அதை ஊசியாகப் போட என்ன தடை? விஞ்ஞானிகள் எதற்குக் காத்திருக்கிறார்கள்?
– மகன் ஒருவர்

பதில்: உங்கள் கடிதத்தில் இருக்கும் கோபம் எனக்குப் பழக்கமானது. என் அம்மாவுக்கும் இதே நோய். கடைசி இரண்டு ஆண்டுகள் என்னைத் தன் அக்கா என்று நினைத்துக்கொண்டிருந்தார். காலையில் குடுவையில் மைக்ரோகிளியாவை அமைதிப்படுத்திவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து அவரை அமைதிப்படுத்த முடியாமல் உட்கார்ந்திருந்தவள் நான்.

தடை என்ன என்று கேட்கிறீர்கள். முதலாவது வாசல். இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு இப்படிப்பட்ட மின்னேற்றம் கொண்ட பெரிய மூலக்கூறுகளைச் சுலபத்தில் விடாது. முதுகுத்தண்டு நீரில் ஊசி வழியாகச் செலுத்தலாம். முதுகெலும்புத் தசைச் சுருக்க நோய்க்கு நுசினெர்சென் என்ற மருந்து 2016 முதல் அப்படித்தான் தரப்படுகிறது. அது மைக்ரோ ஆர்.என்.ஏ. அல்ல, ஆனால் உறவுக்காரப் பொருள். ஆகவே வழி அடைபட்டதல்ல. இயக்க நரம்பு செல்கள் அழியும் ஏ.எல்.எஸ். நோய் கொண்ட எலிகளில் 155-ஐ அடைத்தபோது அவை சில நாட்கள் கூடுதலாக வாழ்ந்தன. சில நாட்கள்தான். எலியின் ஆயுளுக்கு அது சிறிதன்று.

இரண்டாவது தடை, ஏழு எழுத்து. 155-ஐ மைக்ரோகிளியாவில் அடைக்க நினைத்துக் கொடுக்கும் பொருள், உடலெங்கும் உள்ள நோய் எதிர்ப்புச் செல்களிலும் அதை அடைக்கும். கொடுக்கும் துணுக்கு குறிபார்த்த ஒரு தூதை மட்டும் தொடாது; நூறைத் தொடும். இது பயமுறுத்தல் அல்ல. புற்றுநோய்க்காக மிர்-34ஏ-யின் நகலைக் கொழுப்பு உருண்டைகளில் அடைத்து மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். நோய் எதிர்ப்பு மண்டலம் கட்டுமீறி நான்கு பேர் இறந்தார்கள். 2016-இல் அந்தச் சோதனையை நிறுத்திவிட்டார்கள். கல்லீரலின் மிர்-122-ஐ அடைக்கும் மிராவிர்சன், ஹெப்படைட்டிஸ் சி நோயாளிகளிடம் 2013-இல் நல்ல பலன் காட்டியது. ஆனாலும் மருந்துக்கடை வரை வந்து சேரவில்லை. கல்லீரல் மருந்து சுலபமாகப் போய்ச் சேரும் இடம். அங்கேயே இப்படி.

மூன்றாவது எனக்கே தூக்கி வாரிப்போட்ட விஷயம். 2012-இல் லேமான் குழு லெட்-7 பற்றி எழுதியது. அதுதான், புழுவில் தொடங்கி மனிதன்வரை மாறாமல் வந்த அந்த இரண்டாவது துணுக்கு. செல்லுக்குள் இருக்கும்வரை அது ஒழுங்கான ஊழியர். செல் இறந்து அது வெளியே கொட்டினால், நரம்பு செல்லின் டோல் ஏற்பி-7 அதை வைரசின் ஆர்.என்.ஏ. என்று தவறாக எடுத்துக்கொள்கிறது, செல் சிதைகிறது. சிதைந்த செல் இன்னும் லெட்-7-ஐக் கொட்டும். அல்சைமர் நோயாளிகளின் தண்டுவட நீரில் லெட்-7பி கூடியிருப்பதையும் அவர்கள் கண்டார்கள். ஆக, கொடுக்கும் துணுக்கு செல்லுக்குள் போகாமல் வெளியிலேயே தங்கினால் மருந்தே தீக்குச்சி ஆகலாம்.

இவை எதுவும் இன்று உங்கள் தாயாருக்கு உதவாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். காத்திருப்பவர்கள் சோம்பி உட்கார்ந்திருக்கவில்லை என்பதை மட்டும் நம்புங்கள். ஒரு நடைமுறை விஷயம்: சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளித் தொற்று போன்றவை மறதி நோயாளிக்குத் திடீரென்று பெருங்குழப்பத்தை உண்டாக்கும். உடலின் அழற்சி மூளைக்கும் எட்டுகிறது. அவர் ஒரே நாளில் மோசமானால் 'நோய் முற்றிவிட்டது' என்று விட்டுவிடாமல் தொற்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். என் அம்மாவுக்கு இரண்டு முறை அது கைகொடுத்தது.

கேள்வி: தியானம் செய்தால் மிர்-155 குறையுமா?
– ஒரு வாசகர்

பதில்: தியானம் நல்லது. அதற்கு 155-இன் சான்றிதழ் எதற்கு?

கேள்வி: முனைவர் பட்டத்துக்கு மைக்ரோகிளியாவில் மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றி ஆராயப் போகிறேன். கணினியில் தேடியதில் நான் எடுத்துக்கொண்ட துணுக்குக்கு 640 இலக்குகள் வருகின்றன. எங்கே தொடங்குவது?
– ஆய்வு மாணவர்

பதில்: தம்பி, கணினி காட்டும் 640-இல் பெரும்பகுதி காகிதத்தில் மட்டும் பொருந்துபவை. ஏழு எழுத்துப் பொருத்தம் தற்செயலாகவும் வரும். நீங்கள் ஆராயும் செல்லில் அந்தத் தூது இருக்கவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாத தூதை யாரும் குறைக்க முடியாது. பிறகு ஒன்றை எடுத்து, அதன் வாலில் அந்த ஏழு எழுத்தை மாற்றிவிட்டு விளைவு மறைகிறதா என்று சோதியுங்கள். மறைந்தால் நம்பலாம்.

துணுக்கை வெளியிலிருந்து செலுத்தும்போது செல் இயல்பாகக் கொண்டிருப்பதைவிட ஆயிரம் மடங்கு கொட்டாதீர்கள். அந்த வெள்ளத்தில் எந்த மதகும் மூடும். கூட்டிப் பார்த்ததோடு நிறுத்தாமல் குறைத்தும் பாருங்கள். இரண்டு முடிவும் எதிரெதிராக வர வேண்டும். குடுவையில் வளர்த்த மைக்ரோகிளியா மூளையிலிருந்து வெளியே வந்த சில மணி நேரத்திலேயே தன் குணத்தில் பாதியை மறந்துவிடும். ஆகவே உங்கள் அழகான முடிவை ஒருமுறையாவது உயிருள்ள மூளையில் சரிபார்க்க வழிகாட்டியிடம் இப்போதே பேசிவையுங்கள். மூன்றாம் ஆண்டில் கேட்டால் பணம் இருக்காது.

மாதிரி எடுக்கும் நேரங்களைச் சுவரில் ஒட்டிவையுங்கள், இரவு இரண்டு மணியையும் சேர்த்து. இரத்த மாதிரி வந்தால் கருவியில் ஏற்றுவதற்கு முன் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பாருங்கள்.